முள் இல்லாத வாட்ச்

மனிதர்களின் முகங்களைவிடக் கைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அம்மை குத்துவது என் உத்தியோகம். தர்மபுரி தனி மாவட்டமான புதிதில் அரூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் வருவேன். சின்ன வட்டத் தகடு, அதன் அடியில் பொடிப்பொடியாய் முட்கள், மேலே ஒரு கைப்பிடி. தடுப்பு மருந்தான அம்மைப் பாலை முன்கையில் ஒரு சொட்டு விட்டு, அந்தத் தகட்டை வைத்துத் திருகினால் தோல் கீறும். வலி பெரிதில்லை என்றாலும் என் சைக்கிளைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடுவார்கள். ஆத்தா வருவதைத் தடுக்க இவன் யார் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு.

கையில் வாட்ச் கட்டியவர்கள் அப்போது ஊருக்கு ஒருவரோ இருவரோதான். கையை நீட்டுவதற்கு முன் வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவார்கள். அதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று வாங்கிப் பார்ப்பேன். அப்படித்தான் இந்தப் பித்துப் பிடித்தது. மொரப்பூரில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர், ஓடாமல் கிடந்த தன் பழைய வாட்சை விளையாட்டாக என்னிடம் கொடுத்தார். அறைக்கு வந்து பேனாக் கத்தியால் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே அத்தனை சிறிய சக்கரங்கள், சிவப்புக் கற்கள், யாரோ ஒருவர் நுணுக்கி நுணுக்கிப் பொறித்த எழுத்துகள். எந்த நாட்டிலோ யாரோ செய்தது, எத்தனையோ கை மாறி இந்த வறண்ட ஊருக்கு வந்து நின்றுபோயிருந்தது. அன்று முதல் சந்தையில், பழைய சாமான் கடைகளில், ஏலத்தில் விட்ட வீடுகளில் எங்கே செத்த வாட்ச் கிடைத்தாலும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். சம்பளத்தை இப்படிப் பாழாக்குகிறானே என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

தர்மபுரி கடைவீதியில் ஒரு பாய் வாட்ச் கடை வைத்திருந்தார். என் பலவீனம் அவருக்குத் தெரியும். சும்மா கொடுக்க வேண்டிய வெறும் வாட்ச் கூட்டையும் ஏதோ அரிய பொருள் போலத் துணியில் சுற்றி வைத்திருந்து என்னிடம் விற்பார். ஒருநாள் என் டின்னில் இருப்பதைப் பற்றி அவரிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், “முள்ளே இல்லாத வாட்ச் பாத்திருக்கீங்களா சார்?” என்றார்.

நான் நம்பவில்லை. அவர் விவரித்தார். முகப்பு முழுக்க வெள்ளித் தகடு மூடியிருக்குமாம். மேலே சின்னதாக ஒரு ஜன்னல், அதில் மணிக்கான எண் மட்டும் தெரியும். கீழே இன்னொரு ஜன்னலில் நிமிஷ எண்கள் மெல்ல நகரும். ஒரு மணி முடிந்ததும் மேலே இருக்கும் எண் சட்டென்று தாவி அடுத்த எண்ணாகிவிடும். எப்போதோ ஒரு தடவை அப்படியொன்று அவர் கடைக்கு எண்ணெய் போட வந்திருந்தது. வைத்திருந்தவர் இதே ஊரில் கடுக்காய் வியாபாரி. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும் அல்லவா, சித்தேரி, வத்தல்மலைப் பக்கமெல்லாம் போய் மலைக்காரர்களிடம் வாங்கி வந்து வாணியம்பாடிக்கு அனுப்புகிறவர். தோல் கம்பெனியின் வெள்ளைக்கார ஏஜெண்டு ஊரைவிட்டுப் போகும்போது இந்த வியாபாரியின் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டுப் போன வாட்ச் அது.

அன்று எனக்குத் திரும்பிப் போக மனமில்லை. வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு அப்படியே போனேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் நீண்ட, குறுகலான வீடு. கதவைத் தட்டியதும் பதினாலு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் அவளுடைய அம்மா வந்து நின்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். விற்கும் எண்ணம் இருந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஒரு தடவை கண்ணால் பார்த்தால்கூடப் போதும் என்றேன்.

“அது அவுங்க கையில இருக்குதுங்க. அவுங்க வந்ததும் கேட்டுச் சொல்றேன்,” என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்பது போன்ற குரல். எப்போது வருவார் என்று கேட்டேன். மகள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்ததும் அந்த வியாபாரியின் தம்பி என்னைத் தெருமுனைக்கு அழைத்துப் போனார். அண்ணன் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது, கடுக்காய்ப் பருவத்தில் கிளம்பினார், திரும்பவில்லை என்றார். மலையடிவாரத்தில் விசாரித்தபோது அந்த வருஷம் அவர் மேலே ஏறவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். மைசூர்ப் பக்கம் ஒரு பெண்ணோடு இருப்பதாக ஒருவர் சொன்னார். பெங்களூரில் பார்த்ததாக இன்னொருவர். அண்ணி மட்டும் எதையும் நம்பவில்லை. கழுத்தில் கழற்றாத கருகமணித் தாலியோடு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “வாட்சைக் கண்டுபிடிச்சீங்கன்னா எங்க அண்ணனையும் கண்டுபிடிச்சிருவீங்க,” என்றார் தம்பி. குரலில் கசப்பு இருந்தது. கடுக்காய் மண்டியை அவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் அவர்தான் சோறு போட வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சு எனக்குள் வேறு மாதிரி வேலை செய்தது. எங்கோ பிழைக்கப் போன மனிதன் பணமுடை வந்தால் முதலில் விற்பது கையில் இருக்கும் வாட்சைத்தான். அப்படியானால் அது எந்தக் கடையிலாவது தலைகாட்டியே தீரும். லீவு கிடைக்கும்போதெல்லாம் கிளம்பினேன். பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய சாமான் பரப்புகிறவர்கள், சேலத்தில் அடகுக் கடைகள், ஜோலார்பேட்டையில் ரயில்காரர்களிடம் வாங்கி விற்கும் ஆட்கள் என்று ஒரு இடம் விடவில்லை. ஓசூரில் ஒரு சேட்டு முள்ளில்லாத வாட்ச் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தால், கண்ணாடி உடைந்து முட்கள் இரண்டும் விழுந்துவிட்ட சாதாரண வாட்ச். முள்தான் இல்லையே, நீங்கள் கேட்டது இதுதானே என்று அவர் என்னோடு சண்டைக்கு வந்தார்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் போயிற்று. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். அப்படியொரு வாட்சை யாரும் பார்த்ததில்லை. சிலர் நான் கதை விடுவதாகவே நினைத்தார்கள்.

அறுபதுகள் முடியும் தறுவாயில் சித்தேரி மலையில் அம்மை கண்டிருப்பதாகப் பேச்சு வந்தது. என்னை மேலே அனுப்பினார்கள். அப்போது அடிவாரம் வரைதான் பஸ், அதற்குமேல் நடை. அம்மைப் பாலைக் கெடாமல் வைக்க ஐஸ் போட்ட பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழிகாட்ட வந்த ஆளோடு ஏறினேன். மலைக்கு அந்தப் பக்கம் உள்ளடங்கியிருந்த ஓர் ஊருக்குப் போனபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. வாசல்களில் வேப்பிலை செருகியிருந்தார்கள். நோயாளிகள் எங்கே என்று கேட்டேன். இங்கே அப்படி யாருமே இல்லை என்றார் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர். வேப்பிலையை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அது சாமிக்கு என்றார். வெகுநேரம் கெஞ்சிய பிறகு சில குடும்பங்கள் பிள்ளைகளோடு மாரியம்மன் கோயில் முன்னால் வந்து உட்கார்ந்தன.

முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஒருவர் தன் சின்னப் பெண்ணை மடியில் இருத்தி, அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்து என் பக்கம் நீட்டினார். நான் குத்தும் கருவியோடு குனிந்தேன். அவருடைய இடது மணிக்கட்டில், கற்றாழை நார் போட்டுக் கட்டிய வெள்ளித் தகடு. அதில் மேலே ஒரு ஜன்னல். கீழே ஒரு ஜன்னல்.

குழந்தை அழ ஆரம்பித்த பிறகுதான் கருவியைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்கிறேன் என்பது உறைத்தது. குத்தி முடித்துப் பஞ்சால் துடைத்துவிட்டேன். எல்லோரும் கலைந்ததும் அவரிடம் போய், “ஏம்ப்பா, இந்த வாட்சைக் குடுப்பியா? என்ன கேக்கறியோ தர்றேன்,” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது என்னுது இல்லீங்க சாமி.”

“யாருதுன்னு தெரியுமா?”

“தெரியுங்க. தர்மபுரிக்காரரது.”

பக்கத்தில் நின்றிருந்த ஊர்க்கவுண்டர் அவரை அதட்டினார். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கொள்ளுக்காட்டைக் காட்டுகிறேன் என்பதுபோல என்னைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே நடந்தார். போகிற வழியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடுக்காய் வியாபாரி வருஷா வருஷம் பருவத்தில் அந்த ஊருக்கு வருகிறவர். உப்பும் துணியும் கொண்டுவந்து கொடுத்துக் கடுக்காய், தேன்மெழுகு, புளி எடுத்துப் போவார். நல்ல மனிதர் என்று பெயர். கடைசியாக வந்தபோது காய்ச்சலோடுதான் ஏறினார். அப்புறம் உடம்பெல்லாம் முத்து முத்தாகக் கண்டது. ஊர் கூடிப் பேசியது. அவரைக் கீழே அனுப்பவும் பயம், ஊருக்குள் வைத்துக்கொள்ளவும் பயம். தூரத்தில் ஒரு காட்டுக் கொட்டாயில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். சின்ன வயதிலேயே அம்மை கண்டு பிழைத்தவர் என்பதால், வியாபாரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை இந்தத் தழும்புக்காரரிடம் விட்டார்கள். சாமைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். வேப்பிலை விரித்துப் படுக்க வைத்தார். ஈ ஓட்டினார்.

தான் பிழைக்கப் போவதில்லை என்பது வியாபாரிக்குத் தெரிந்துவிட்டது. நினைவு தெளிவாக இருந்த ஒருநாள், தன்னை எப்படி அடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். வடக்கே தலை வைக்க வேண்டும், வலப்பக்கமாகச் சாய்த்து முகத்தை மேற்கே திருப்ப வேண்டும். இவரைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு வாட்சைக் கழற்றிக் கொடுத்து, தேடிக்கொண்டு யாராவது வந்தால் இதைக் கொடு, இதைப் பார்த்தால் என் வீட்டுக்காரங்களுக்குத் தெரியும் என்றார்.

அவர் செத்ததும் ஊர் மறுபடியும் கூடியது. அதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் மரம் வெட்டும் காண்ட்ராக்டருடைய ஆள் ஒருவன் பாறையிலிருந்து விழுந்து செத்திருந்தான். பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே போனவர்களை, நீங்கள்தான் அவனை அடித்துக் கொன்றீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள் என்று போலீஸ் உரித்தெடுத்துவிட்டது. அந்தப் பயத்தில், இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கோயிலில் சத்தியம் வாங்கினார்கள். வியாபாரியின் தம்பி அடிவாரத்துக்கு வந்து கேட்டபோது, அங்கே சந்தைக்குப் போயிருந்த இந்த ஊர்க்காரர்கள்தான் அவர் வரவே இல்லை என்று சொன்னது.

“அப்போ நீ ஏன் இதைக் கையிலேயே கட்டிக்கிட்டிருக்கே?” என்று கேட்டேன்.

“பொதைச்சு வெச்சுருன்னாங்க. பொதைச்சு வெச்சா யாருக்குத் தெரியும்? நானு வாயத் தொறக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணுனேன். கையில கட்ட மாட்டேன்னு பண்ணலீங்களே.”

காட்டு ஓரத்தில் கல் அடுக்கிய ஒரு மேடு இருந்தது. நரி தோண்டாமல் இருக்கச் சுற்றிலும் முள் போட்டிருந்தார். அங்கே வைத்து நாரை அவிழ்த்து வாட்சை என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷம் தேடிய பொருள் உள்ளங்கையில் இருந்தது. மேல் ஜன்னலில் ஓர் எண் பாதியும் அடுத்த எண் பாதியுமாக நின்றுபோயிருந்தது. சாவி கொடுத்துப் பார்த்தேன், திருகு அசையவில்லை. “அவங்க வூட்ல குடுத்துருங்க சாமி,” என்றார். சரி என்றேன். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மலையிறங்கியதும் அரூருக்குக்கூடப் போகாமல் நேரே தர்மபுரிக்கு பஸ் ஏறினேன். அந்த வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் ஆரம்பிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெண் வளர்ந்திருந்தாள். தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோகச் சொல்லி வாட்சை அவளிடம் கொடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் தட்டு தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். காய்ச்சல், கொட்டாய், கஞ்சி, கல் மேடு. அழுகைச் சத்தத்தை எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

“பொதைச்சாங்களா, எரிச்சாங்களா?”

புதைத்தார்கள், அவர் சொன்ன மாதிரியே புதைத்தார்கள் என்றேன். “அல்லா,” என்று ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொன்னார். மகள்தான் தகப்பனை “அத்தா, அத்தா” என்று கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வியாபாரியின் தம்பி வாட்சை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அடிவாரத்தில் தன் முகத்துக்கு நேரே பொய் சொன்னவர்கள், கொன்று புதைத்துவிட்டு இப்போது அம்மை என்று கதை கட்டுகிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். அண்ணன் பணத்தோடு மலையேறியவர். பணம் எங்கே என்று கேட்டார். துணியோடும் படுக்கையோடும் சேர்த்துத் தீட்டென்று எல்லாவற்றையும் எரித்துவிட்டோம் என்று ஊரார் சொன்னதை யார் நம்புவார்கள்? செத்தவருடைய வாட்ச் ஒருவர் கையில் வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. போலீசுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மலைக்குப் போய் அவரைக் கையைக் கட்டி இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் போய் இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளாகத்தான் வாட்சைக் கழற்றிக் கொடுத்தார், கொன்றவர் அப்படிச் செய்வாரா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த வருஷம் சித்தேரியில் அம்மை இருந்தது என்று உங்கள் ஆபீஸ் எழுதிக் கொடுக்குமா என்றார். ஆபீஸ் கணக்கில் அந்த வருஷம் அந்த மலையில் அம்மையே கிடையாது. மறைத்து வைத்த ஊரும் சொல்லவில்லை, போகாத எங்கள் ஆட்களும் எழுதவில்லை. என் மேலதிகாரி, இந்த விவகாரத்தில் வாயை வைக்காதே என்று எச்சரித்தார். நான் அப்படியும் பார்த்ததையெல்லாம் போலீசில் சொன்னேன். கொஞ்ச நாளில் பாலக்கோட்டுப் பக்கம் மாற்றல் வந்தது.

குழியைத் தோண்டியபோது சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாசில்தார், டாக்டர், போலீஸ்காரர்கள், தம்பி, பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர். கைதியையும் கொண்டுவந்து ஒரு மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் ஒருவர்கூட வெளியே வரவில்லை. கைதியின் மனைவி மட்டும் தூரத்தில் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கல்லை அகற்றி, மண்ணை மெதுவாக வழித்தார்கள். மக்கிப்போன துணித் துண்டுகளுக்கு நடுவே எலும்புகள் வெளியே வந்தன. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, இதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, எலும்பு எதுவும் உடைந்திருக்கவில்லை என்றார். பள்ளிவாசல் பெரியவர் மட்டும் குழியை விட்டு நகரவில்லை. தலை இருந்த திசையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். பிறகு மண்ணிலேயே உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார்.

கைதிக்கு ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை. ஊர் கைகழுவிவிட்டது. அவன்தானே வாட்சைக் கட்டிக்கொண்டு திரிந்தான், சத்தியத்தை மீறினான் என்றார்கள். வக்கீலுக்காக அவர் மனைவி ஏர் மாடுகளை விற்றாள். அப்புறம் காட்டை ஒத்திக்கு விட்டாள். அவர் சப் ஜெயிலில் கிடந்த மாதங்களில் மலையில் அம்மை தானாகவே பரவித் தானாகவே ஓய்ந்தது. எனக்குப் பதிலாகப் போன ஆளை ஊருக்குள்ளேயே விடவில்லையாம். கையைக் காட்டினால் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்று பேசிக்கொண்டார்களாம். எத்தனை பிள்ளைகள் போயின என்பது எங்கேயும் எழுதப்படவில்லை.

அவரைக் காப்பாற்றியது வியாபாரியின் மனைவிதான். குழியில் பார்த்ததைப் பள்ளிவாசல் பெரியவர் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். துக்க காலமான இத்தா முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவர், முடிந்ததும் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார். கொழுந்தன் தடுத்தார், உறவினர்கள் தடுத்தார்கள். பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மகளோடு வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றார். முக்காட்டுக்குள்ளிருந்து வந்த குரல் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் உரக்கச் சொல்லச் சொன்னார்.

“என் புருஷன வடக்கால தலை வெச்சு, மேக்கால மூஞ்சியத் திருப்பி அடக்கியிருக்காங்க. கொன்னவன் இதெல்லாம் பார்த்துச் செய்வானாங்க? அவுங்க சொல்லிக் குடுத்தாத்தானே இவருக்குத் தெரியும்?”

கூண்டில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். அரசாங்க வக்கீல் வேறு எதையோ கேட்டார், அந்த அம்மா சொன்னதையே திரும்பச் சொன்னார். இன்னும் சில வாய்தாக்களுக்குப் பிறகு வழக்கு தள்ளுபடியானது. அரக்கு முத்திரை வைத்துக் கோர்ட்டில் இருந்த வாட்சை அந்த அம்மாவிடம் ஒப்படைத்தார்கள். நான் அதை மறுபடி பார்க்கக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. என் பிஸ்கட் டின்னில் இருந்தவற்றைக் கடைவீதி பாய் மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

கணவன் இறந்தது உறுதியான பிறகு அந்தக் குடும்பத்தில் பாகம் பிரிந்தது. காணாமல் போனவர் என்று இருந்த காலம்வரை தொட முடியாமல் கிடந்த வீட்டைப் பங்கு போட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் அவர்கள் முறைப்படி தம்பிக்கும் பங்கு உண்டு. கோர்ட்டுக்குப் போய்த் தன்னை அவமானப்படுத்தியதை அவர் மன்னிக்கவில்லை. முன்வீடு அவருக்கு, பின்கட்டில் ஓர் அறை தாய்க்கும் மகளுக்கும். மகளுக்கு நிச்சயமாகியிருந்த இடம் போலீஸ், கோர்ட் என்று கேள்விப்பட்டதும் பின்வாங்கிவிட்டது. இருவரும் பீடி சுற்றிப் பிழைத்தார்கள் என்று கேள்வி.

இதற்குச் சில வருஷம் கழித்து, எழுபதுகளின் நடுவில், சேலத்துக்குப் போவதற்காக மொரப்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ரயில் தாமதம். புளி மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முகத்துத் தழும்புகளால்தான் அடையாளம் தெரிந்தது. எழுந்து போனேன். டீ வாங்கிக் கொடுத்தேன். இருவரும் சுவரோரமாக உட்கார்ந்தோம்.

மலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. காடு ஒத்தியில் மூழ்கிவிட்டது. மனைவி தாய்வீட்டோடு போய்விட்டாள். பெண் எங்கோ வளர்கிறாள். நான் அன்று அந்தக் கோயில் முன்னால் வராமலிருந்தால் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதை விட்டுவிடச் சொன்னார். தர்மபுரிக்கு மூட்டையோடு போகும்போதெல்லாம் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முன்வாசல் வழியாகப் போனால் தம்பி விடமாட்டார் என்பதால் பின்கட்டுக் கதவருகே போய் நிற்பாராம். அந்த அம்மா உள்ளே உட்கார்ந்துகொண்டு, கணவனுடைய கடைசி நாட்களை முதலிலிருந்து சொல்லச் சொல்வாராம். என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், பெண்ணைப் பற்றி என்ன சொன்னார். சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்வாராம். வேறு யாரிடம் கேட்பார்?

“கடைசீல தண்ணி குடுத்தனான்னு கேக்கறாங்க. குடுத்தேன், என் மடியிலதான் தலைய வெச்சிருந்தாருன்னு சொல்லிக்கிட்டு வர்றேன்.”

சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, தண்டவாளத்தைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார். அந்தக் கடைசி நாளில் ஊருக்குள் ஒரு குழந்தைக்கு அம்மை கண்டதாம். கொட்டாய்க்குப் போய்வந்து இவர்தான் ஆத்தாவை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று சொல்லி, கோயில் தூணில் கட்டிப்போட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்து அவிழ்த்துவிட்ட பிறகு ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறார்.

“கொட்டாய்க்கு வெளிய கெடந்தாருங்க. தண்ணிப் பானை வரைக்கும் ஊர்ந்து வந்திருக்காரு. பானைல தண்ணி இல்ல. ராத்திரி நான் போய் ஊத்தியிருக்கணும்.”

சேலம் வண்டிக்கு மணி அடித்தார்கள். மேஸ்திரி அவரைக் கூப்பிட்டார். அவர் எழுந்து தலைத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டே, “அந்தம்மா கிட்ட உள்ளதைச் சொல்லிரட்டுமா சாமி? வருஷக்கணக்கா மனசு அரிக்குது,” என்று கேட்டார்.

“வேண்டாம். அடுத்த தடவை போகும்போதும் மடியிலதான் இருந்தாருன்னே சொல்லுங்க,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மூட்டை தூக்கப் போனார்.